ஏணிக்குக் கீழே ஒரு திரை

“…நானூத்தி அம்பத்திரண்டு டிகிரியா? அப்படின்னா மேல இருக்கறது நெல்லே இல்ல தம்பி, பொரி. போய் வெல்லப்பாகு காச்சிக்கினு வா, உருண்டை பிடிக்கலாம்.”

கீழ்பென்னாத்தூர் அரிசி ஆலையில் நெல் உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் இப்படிச் சொன்னதும், மூட்டை தைத்துக்கொண்டிருந்த அக்காக்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்புத்தான். அண்ணன் இனிப்பு தடவித்தான் குத்துவார்.

அவருக்கு முழங்கால் வலி. சூடு காட்டும் மீட்டரோ இரும்பு ஏணிக்கு மேலே. அவித்த நெல்லுக்குச் சூடு ஜாஸ்தியானால் அரைக்கும்போது அரிசி நொறுங்கும். முதலாளி அவரைத்தான் கேட்பார். அதனால் வலியோடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். “அந்த எண்ணைக் கீழேயே காட்டிடலாம்ணே” என்று வாயைக் கொடுத்தது நான். திருவண்ணாமலையில் மிக்சி, டிவி பழுதுபார்ப்பவன். இந்த வித்தையெல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றது.

மீட்டரின் முதுகில் இரண்டு ஒயர் மாட்ட இடம் இருந்தது. ஆலை மீட்டர்கள் வெளியே தகவல் சொல்வது அந்த வழியாகத்தான். பக்கத்தில் ஓடும் மோட்டார்களால் தகவல் கெடாமலிருக்க, இரண்டையும் முறுக்கிக் கீழே இறக்கினேன். வரும் தகவலை மாற்றித் தர, கட்டைவிரல் அளவில் ஒரு அட்டை. அடுத்து, பள்ளிக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் வாங்குவார்களே, அந்த மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. கடைசியில் சின்னத் திரை. எல்லாம் சரி. ஆனால் மீட்டர் தசமப் புள்ளியை அனுப்பாது, வெறும் எண்களைத்தான் அனுப்பும், பத்தால் வகுத்துக்கொள்வது நம் வேலை என்பதை நான் படிக்காமல் விட்டிருந்தேன்.

லேப்டாப்பில் ஒரு வரியைத் திருத்தினேன். திரையில் 452 போய் 45.2 வந்தது.

“இப்ப சரியாண்ணே?”

“நீ புள்ளி வெச்சா நெல்லு ஆறிடுமா? நாளைக்கி அரிசி நொறுங்குனா முதலாளிகிட்ட உன் புள்ளியையா காட்டறது?”

ஏணியில் ஏறிவிட்டார். மேலிருந்து குரல் வந்தது: “நாப்பத்தஞ்சு ரெண்டு!”

“இங்கயும் அதேதாண்ணே!”

“இரு, இரு. சூடு ஏறட்டும்.” சூடு ஏறியதும் மறுபடி கத்தினார்: “இப்ப நீ மொதல்ல சொல்லு!”

“நாப்பத்தாறு ஒண்ணு!”

மீட்டரை ஒருமுறை உற்றுப் பார்த்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். ஏணியடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து திரைக்கு எதிரே போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தார்.