நாலாம் பெட்டிக்காரர்

நான் பார்த்ததிலேயே சிறந்த வில்லன் தினமும் சாயங்காலம் பெங்களூர் சிட்டி ஸ்டேஷனில், தங்கவயல் போகும் ரயிலின் நாலாம் பெட்டியில் ஏறுவார். ஒல்லியான ஆள். அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் மூக்குக் கண்ணாடி, கையில் டிபன் கேரியர். பார்க்கிறவர்கள் யாரும் அவரை வில்லன் என்று சொல்ல மாட்டார்கள். மூணாம் பெட்டிக்காரர்களான எங்களுக்கு மட்டும் அவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

படம் பார்த்துவிட்டு வந்து, "ஹீரோ சூப்பர், வில்லன்தான் சப்பை" என்று சொல்கிறவர்களிடம் நான் சண்டைக்குப் போயிருக்கிறேன். வில்லன் சப்பையாக இருந்தால் ஹீரோ எப்படி சூப்பராக இருக்க முடியும்? சப்பையான ஆளைச் சமாளிக்க ஹீரோ எதற்கு, என் மாமியாரே போதும். இந்த விஷயத்தில் எனக்கு இருக்கிற அறிவெல்லாம் அந்த ரயிலில் கிடைத்தது. அதனால் கொஞ்சம் அதிகாரமாகவே பேசுவேன்.

இப்போது நான் நீலசந்திராவில் இருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் தங்கவயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போனேன். அடுகோடியில் ஒரு சின்னக் கம்பெனியில் பில் போடும் வேலை. எங்களைப் போல வந்து போகிறவர்களுக்கு வீடு என்பது தூங்குவதற்கான இடம். பேசுவது, சண்டை போடுவது, பூ கட்டுவது, சீட்டாடுவது, பிள்ளைகளுக்கு வரன் பார்ப்பது எல்லாம் ரயிலில்தான். தினமும் ஒரே பெட்டி வராது என்று எங்களுக்கும் தெரியும். ஆனாலும் முன்னாலிருந்து மூணாவது பெட்டி எங்களுடையது, நாலாவது அவர்களுடையது. ரயில்வேக்கு இது தெரியாது, அவ்வளவுதான்.

எங்கள் பெட்டிக்குத் தலைவர் ஒரு அண்ணன். தொழிற்சாலையில் டர்னர். அகலமான தோள், பெரிய குரல், சட்டென்று வரும் கோபம், வந்த வேகத்தில் போகும் கோபம். கர்ப்பிணி யாராவது ஏறினால் நாலு பேரை எழுப்பிவிட்டு ஒருத்தியை உட்காரவைப்பார். எனக்கு வேலை புதிதாக இருந்த நாட்களில், வண்டியைத் தவறவிட்டு அழுதுகொண்டு நின்றபோது, தானும் அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் என்னோடு வந்தவர். ஹீரோ என்றால் அவர்தான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அவரும் நாலாம் பெட்டிக்காரரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஒரு காலத்தில் ஒரே பெட்டியில் வந்தவர்களும்கூட. சீட்டாட்டத்தில் தகராறு என்று சிலர் சொல்வார்கள், ஜன்னல் ஓரத்துக்காக என்று சிலர் சொல்வார்கள். எதற்காகப் பிரிந்தார்களோ, நான் போய்ச் சேர்ந்தபோது நேருக்கு நேர் பேச்சு நின்று பல வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் அவரை "அந்த ஆளு" என்பார். அவர் அண்ணனை "மூணாம் பெட்டி" என்பார்.

இருவருக்கும் போர்க்களம் ஆயுத பூஜை. விடுமுறைக்கு முந்தின வேலை நாள், சாயங்கால வண்டி கிளம்புவதற்கு முன்னால், ஒவ்வொரு பெட்டியையும் அதில் வருகிறவர்கள் அலங்கரிப்பார்கள். வாழைக்கன்று, மாவிலை, சாமந்திச் சரம், கலர் காகிதம். பெட்டிக்குள் கற்பூரம் கொளுத்தக் கூடாது. அதனால் பிளாட்பாரத்தில் வண்டியின் முகத்துக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்துப் பூஜை நடக்கும். அது முடிந்ததும் டிரைவர் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்து, மனதுக்குப் பிடித்த ஒரு பெட்டியில் ஏறிப் பிரசாதம் சாப்பிடுவார். அவர் ஏறிய பெட்டிக்கு அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் மவுசு. டிரைவர்கள் வருஷா வருஷம் மாறினார்கள். ஏறிய பெட்டி மட்டும் மாறவில்லை. எப்போதும் நாலாவதுதான்.

அந்த ஆள் சும்மா ஜெயிக்கவில்லை. அண்ணன் எந்தக் கடையில் வாழைக்கன்று வாங்குவார், எந்த நிறம் பிடிக்காது, எதைச் சொன்னால் கொதிப்பார் என்பதெல்லாம் அண்ணியைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷம் காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய், அண்ணன் வழக்கமாக வாங்கும் கடையில் இருந்த கன்று மொத்தத்தையும் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் அதில் இரண்டை எங்களுக்குக் கொடுத்தனுப்பினார், "மூணாம் பெட்டிக்குக் கெடைச்சிருக்காதுன்னு கேள்விப்பட்டேன்" என்ற செய்தியோடு. இன்னொரு வருஷம் நாங்கள் பேட்டரி வைத்து சீரியல் லைட் போட்டோம். டிரைவர் எங்கள் வாசலில் ஒரு காலை வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து இவர் பின்னால் வந்து நின்று, "லைட்டு ஜோரா இருக்குது சார். எங்க பெட்டியில லைட்டெல்லாம் இல்ல, நெய் கேசரி மட்டும்தான்" என்றார். டிரைவர் வைத்த காலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கேசரியைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். பங்காரப்பேட்டை வருவதற்குள், எங்கள் பெட்டிக்கு அவர் கொடுத்தனுப்பியதில் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டேன். வில்லனுடைய மனைவியின் கைமணம் அப்படி.

கடைசியில் அண்ணன் ஓய்வு பெறும் வருஷம் வந்தது. அந்த மாத முடிவோடு அவருக்கு இந்த ரயிலும் முடிகிறது. அதற்கு முன் ஒரே ஒரு தடவை டிரைவர் எங்கள் பெட்டியில் ஏற வேண்டும். வாயைத் திறந்து அவர் அப்படிச் சொல்லவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போனதிலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது. அண்ணி விடியும் முன்பே எழுந்து புளியோதரை செய்து அனுப்பியிருந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் எங்கள் பெட்டி அக்கா ஒருவர், பூ கட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை, இரண்டு நாளாக மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தின்று சரம் சரமாகக் கட்டி வைத்திருந்தார்.

வண்டி வழக்கத்துக்கு முன்பே பிளாட்பாரத்தில் வந்து நின்றது. எங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்தோம். வழக்கம்போல டீக்கடைக்கு நேர் எதிரே நிற்கும் பெட்டியில் ஏறினோம், வேலையை ஆரம்பித்தோம். நாலு வாசலுக்கும் வாழைக்கன்று, கைப்பிடி ஒவ்வொன்றுக்கும் பூ, கூரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கலர் காகிதம். அன்றைக்குப் பெங்களூர் முழுக்கப் பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் நசுங்கிக் கிடந்த நாள், ரோட்டில் எதுவும் நகரவில்லை. நாலாம் பெட்டி ஆட்கள் பஸ்ஸில் மாட்டிக்கொண்டார்கள் என்று செய்தி வந்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நாங்கள் கை தட்டினோம். அண்ணன் மட்டும் தட்டவில்லை. "வரட்டும்யா. ஆள் இல்லாம என்ன போட்டி?" என்றார்.

அவர்கள் வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்தபோது எங்கள் வேலை முடிந்திருந்தது. வில்லன் தோளில் வாழைக்கன்று, கையில் கேசரித் தூக்கு. வாசலில் நின்று எங்கள் அலங்காரத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பிளாட்பாரத்தில் பின்னால் நகர்ந்து, வண்டியின் முகத்திலிருந்து விரலால் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலில் நாங்கள் இருந்தோம்.

வண்டி அன்றைக்கு ஒரு பெட்டி நீளம் முன்னால் தள்ளி நின்றிருக்கிறது. எங்களில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. எத்தனையோ வருஷமாக டீக்கடைக்கு எதிரே நிற்பதுதான் மூணாம் பெட்டி, அதை யார் எண்ணுவார்கள்? எங்கள் மொத்த உழைப்பையும் எதிரியின் பெட்டியில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம்.

அண்ணனும் இறங்கி எண்ணினார். முகம் விழுந்துவிட்டது. அங்கே வண்டியின் முகத்தருகே பூஜைக்கு மாலையை எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் பிரித்துப் பக்கத்துப் பெட்டியில் கட்ட நேரமில்லை. எங்களில் சீட்டுக்கட்டு வைத்திருக்கும் ஒருவர், "அட விடுண்ணே, பெட்டியில பேரா எழுதியிருக்குது? சும்னே, பேசாம உக்காரு" என்றார். அண்ணன் அவரை ஒரு முறை முறைத்தார்.

"அவங்க பெட்டி இது. அவிழ்த்துடுங்க எல்லாத்தையும்" என்று சொல்லிவிட்டு அவரே வாசல் கன்றில் கையை வைத்தார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

"அக்கா, அந்த வாழக்கன்ன அவிழ்க்க வேணாம்னு சொல்லுங்க" என்றார் வில்லன், அண்ணனைப் பார்க்காமல். "டீக்கடைக்கு எதிர நிக்கறதுதானே மூணாம் பெட்டி? எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். எதிரதான நிக்குது?" பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பி, "ஏன்யா நிக்கறீங்க? நம்ம பெட்டி அதோ முன்னால இருக்குது. ஓடுங்க. டிரைவர் வர்றதுக்குள்ள முடிக்கணும்" என்றார்.

பெட்டியைக் கொடுத்துவிட்டார், பெரிய மனது, இனி சும்மா இருப்பார் என்று நினைத்தேன். சும்மா இருப்பதாவது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர்கள் செய்த வேலையைப் பார்க்க வேண்டும். ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக் கன்று கட்டினார்கள். காகிதம் ஒட்ட நேரமில்லை என்று ஒரு பெண் தன் துப்பட்டாவையே வாசலில் தோரணமாகக் கட்டினாள். டிரைவர் பூசணிக்காயை உடைத்துவிட்டு நடந்து வருகிற சமயம் பார்த்து, வில்லன் வாசலில் நின்று கேசரித் தூக்கின் மூடியைத் திறந்தார். நெய் வாசனை எங்கள் பெட்டி வரைக்கும் வந்தது.

டிரைவர் அந்த வாசலில் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். அண்ணன் எங்கள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் கேசரித் தூக்கைப் பார்த்தார், கூரையெல்லாம் பூவாக இருந்த எங்கள் பெட்டியைப் பார்த்தார், பிறகு நடந்து வந்து எங்கள் பெட்டியில் ஏறினார். புளியோதரையை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நாங்கள் போட்ட கூச்சலுக்கு ரயில்வே போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா அண்ணனுக்கு இலையில் புளியோதரை வைத்துக் கொடுத்தார். அண்ணன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தொடாமல் உட்கார்ந்திருந்தார். வண்டி கிளம்பியும் சாப்பிடவில்லை.

"என்னண்ணே?" என்றேன்.

"அந்த ஆளு விட்டுக் குடுத்துட்டானோ?" என்றார் மெதுவாக. "ரிடையர் ஆவறேன்னு பாவம் பாத்துட்டானோ?"

ஜெயித்த மனிதரின் முகம் அவ்வளவு வாடி நான் பார்த்ததில்லை. கன்டோன்மென்ட்டில் வண்டி நின்றதும் இலையை அக்காவிடம் கொடுத்துவிட்டு இறங்கி, முன் பெட்டிக்கு நடந்தார். வேடிக்கை பார்க்காமல் இருக்க என்னால் முடியாது, நானும் பின்னாலேயே ஓடினேன்.

வில்லன் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கேசரித் தூக்கு காலடியில். அண்ணன் எதிரே போய் நின்று, பல வருஷத்துக்குப் பிறகு, நேராகக் கேட்டார்.

"டேய். விட்டுக் குடுத்தியா?"

அவர் நிமிர்ந்தார். அந்த மெல்லிய குரல் அன்றைக்குத்தான் உயர்ந்து கேட்டேன். "உனக்கா? நான் உனக்கு விட்டுக் குடுப்பனா? முந்திரி எவ்ளோ போட்டிருக்குது தெரியுமாடா இதுல? வீட்ல அவ காலையில இருந்து அடுப்புகிட்ட நின்னிருக்கறா. இந்தப் புள்ள துப்பட்டாவ அவுத்துக் கட்டியிருக்குது. விட்டுக் குடுத்தியான்னு கேக்கறான். பேஜார் பண்ணாத, போடா அந்தப் பக்கம்."

கோபத்தில் தூக்கைக் கையால் எதிர்ப் பக்கம் தள்ளிவிட்டார். நடிப்பில்லை. அந்தப் பெட்டியில் யாருமே சிரிக்கவில்லை, எல்லாரும் உண்மையாகவே தோற்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் எல்லா முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. எதிர் சீட்டில் உட்கார்ந்து, குனிந்து தூக்கை எடுத்து, மூடியில் கேசரியை அள்ளிப் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். காலையிலிருந்து அவர் சாப்பிட்ட முதல் வாய் அதுதான்.

"முந்திரி ஜாஸ்திதான்" என்றார்.

வில்லன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கிருஷ்ணராஜபுரத்தில் கூட்டம் இறங்கி ஏறிய சத்தத்தில், அவர் வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"அடுத்த வருஷம் வருவல்ல?"

"நான்தான் ரிடையர் ஆவறேன்ல."

"அதுக்கு? ஜெயிச்சுட்டு ஓடிடலாம்னு பாக்கறியா?"

அடுத்த ஆயுத பூஜைக்கு அண்ணன் தங்கவயலிலிருந்து டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் எனக்குக் கல்யாணமாகியிருந்தது, நான் நீலசந்திராவிலிருந்து பூச்சரத்தோடு ஸ்டேஷனுக்குப் போனேன். ஏறுவதற்கு முன்னால் பெட்டியை ஒவ்வொருவரும் தனித்தனியாக எண்ணினோம். டிரைவர் நாலாம் பெட்டியில்தான் ஏறினார். அண்ணன் பிளாட்பாரமே கேட்கும்படி திட்டினார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.