எமிலியாவின் பூசைக்கு வைத்த போத்தல்

காலை ஏழு மணிக்கு லோரன்ஸ் அத்தான் என் வீட்டு மணியை அடித்தார். நாங்கள் போக வேண்டிய வைன் மண்டபம் திறப்பதே பதினொரு மணிக்கு. நாங்கள் இருக்கும் டேனிஷ் ஊர் எஸ்பியர்க்கிலிருந்து அந்த மண்டபம் இருக்கும் பிரெடெரிசியாவுக்கு ஒரு மணித்தியால ஓட்டம்.

"வெளிக்கிடு செசிலி, வழியில சனமாயிருக்கும்."

"சனிக்கிழமை விடியக் காலமை என்ன சனம் அத்தான்? மாடுதான் நிக்கும். உள்ள வந்து தேத்தண்ணியக் குடியுங்கோ."

வரவில்லை. வாசலிலேயே நின்று கோயில் சாவிக்கொத்தைக் கிலுக்கினார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்க எனக்கு என்ன யோக்கியதை? இந்தப் பயணமே நான் செய்த விசர் வேலையால் வந்தது.

லோரன்ஸ் என் அக்கா எமிலியாவின் கணவர். அக்கா போன வருடம் மே மாதம் புற்றுநோயில் போய்விட்டா. இந்த மேயில் அவவுக்கு ஒரு வருடப் பூசை வைத்தோம். எங்கள் கோயிலில் மாதம் ஒரு தமிழ்ப் பூசை. அதற்கு மெழுகுதிரி கொளுத்துவது, மணி அடிப்பது, அப்பமும் இரசமும் எடுத்துவைப்பது எல்லாம் இருபது வருடமாக அத்தான்தான். அன்றைக்குப் பார்த்து அலுமாரியில் பூசை இரசம் முடிந்துகிடந்தது. பூசை வைக்க வந்த பேனாட் சுவாமி உடுப்பு மாற்றிக்கொண்டு நிற்கிறார், அத்தான் பேயறைந்தவர் மாதிரி நிற்கிறார். அப்போது நான்தான் பெரிய ஆள் மாதிரி முன்னுக்கு வந்து, "என்ர காரில ஒரு வைன் போத்தல் கிடக்கு" என்றேன்.

அது என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் கியர்ஸ்டன் தந்த போத்தல். சுவாமிக்குக் கொடுக்கலாம் என்று கொண்டுவந்தேன். ஆனால் அதன் லேபலில் ஒரு பெண், உடம்பில் ஒரு துண்டுத் துணியில்லாமல், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். மாதாவே, இதைச் சுவாமி கையில் கொடுக்க முடியுமா? முதல்நாளே சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் இருந்த இரண்டு லேபலையும் சுரண்டி எறிந்துவிட்டேன். பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டு வாசித்திருந்தால் இந்தக் கரைச்சலே இல்லை.

இரண்டு கிழமை கழித்து என் வீட்டுக் குசினியில் கழுவாமல் கிடந்த அந்த வெறும் போத்தலை என் மகள் நிரோஜா முகர்ந்துபார்த்தாள். "அம்மா, இது வைன் இல்லை, கிர்செபேர்" என்றாள். கிர்செபேர் என்றால் டேனிஷில் செர்ரிப்பழம். பக்கத்தில் அத்தான் இருந்தார். கையிலிருந்த கோப்பையை மெல்ல வைத்தார்.

திராட்சையில் வடித்த இரசம் இல்லையென்றால் பூசை செல்லாது. இது சின்னனில் ஞானோபதேச வகுப்பில் எல்லோரும் பாடமாக்கியது. அப்படியென்றால் அக்காவின் ஆன்மாவுக்கு ஒப்புக்கொடுத்த பூசை ஒன்றுமில்லாமல் போயிற்றா? அன்றைக்குத் தொடங்கியது எனக்கு நித்திரையில்லாத வியாதி. கியர்ஸ்டனிடம் கேட்டேன். பிரெடெரிசியாவில் சின்னச் சின்ன வைன்காரர் சேர்ந்து நடத்தும் மண்டபத்தில் வாங்கினாளாம், எந்த மேசை என்று நினைவில்லையாம், நாலாவது மேசையோடு எல்லா மேசையும் ஒன்றுபோலத் தெரிந்ததாம். மகளின் மூக்கை மட்டும் நம்பாமல், வடித்தவரையே கண்டு கேட்பது என்று நானும் அத்தானும் முடிவெடுத்தோம்.

அத்தான் எண்பத்தெட்டில் மன்னாரிலிருந்து வந்தவர். இருபத்துநாலு வருடம் மீன் தொழிற்சாலை, பிறகு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. இவ்வளவு காலத்தில் அவர் ஒரு இடத்தில் குந்தி இருந்து நான் கண்டதில்லை. கலியாண வீட்டில் கதிரை அடுக்குவார், செத்தவீட்டில் தேத்தண்ணீர் கொடுப்பார். சொந்த மகள் யூலியானாவின் ஞானஸ்நானப் படத்தில் அவருடைய முழங்கை மட்டும் தெரியும். மிச்சம் வெளியே மேசை தூக்கப் போயிருக்கும். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

அக்காவின் கடைசி நாளிலும் அதே ஓட்டம்தான். ஆஸ்பத்திரி வாசலில் கார் நிறுத்தும் நேரம் முடியப்போகிறதென்று, காரை இடம் மாற்றி, கார் விட்ட நேரத்தைக் காட்டக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நேரத்தட்டைத் திருப்பிவைக்க இறங்கிப் போனார். ஏழு நிமிடம்கூட இல்லை. திரும்பி வரும்போது அக்கா இல்லை. நான்தான் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அதைப் பற்றி அவர் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

பத்து மணிமட்டும் அவரை மறித்துவைத்து வெளிக்கிட்டு, பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். "ரெண்டு மணித்தியாலம்தான் விடலாம், ஒரு மணிக்கு முடியும்" என்று என் காரின் நேரத்தட்டை அவரே திருப்பிவைத்தார், இரண்டு தரம் எட்டிப்பார்த்தார்.

பழைய சரக்குக் கொட்டகை அது. உள்ளே பன்னிரண்டு மேசை. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வைன்காரர், தன் தோட்டத்து வைனோடு. வாசலில் ஆளுக்கொரு கிளாஸ் தந்தார்கள். மேசை மேசையாய்ப் போய் ஒரு மிடறு வாங்கிக் குடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால் வாளியில் துப்பலாம். அந்த வாளியைக் கண்டதும் அத்தானின் முகம் கோணிப்போயிற்று. நான் கார் ஓட்ட வேண்டும், அவர் குடிக்கிறவர் இல்லை. இரண்டு பேரும் வெறுங்கிளாஸோடு நின்றோம். சனம் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தது.

"கேள் செசிலி, கேள்."

என்னத்தைக் கேட்பது? உடுப்பில்லாத பெண்ணின் படம் போட்ட போத்தல் உங்களிடம் இருக்கிறதா என்றா? ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இது தேவையா? கேட்டேன். ஸ்கீவ ஊர்ப் பக்கத்து ஆப்பிள் வைன்காரர் வாய்விட்டுச் சிரித்தார், சிரித்த கையோடு தன் ஆப்பிள் மரங்களின் சரித்திரத்தை இருபது நிமிடம் சொன்னார். அடுத்த மேசைத் தம்பதி உண்மையான திராட்சைக்காரர். இதாக இருக்கக்கூடாதா என்று எட்டிப் போத்தலை எடுத்தேன். திருப்பிப் பார்த்தால் லேபலில் ஒரு கோழி. ஒவ்வொரு மேசையிலும் நான் அந்தரப்பட்டுக் கேட்க, அத்தான் பின்னால் நின்று சாவியைக் கிலுக்குவார், மணிக்கூட்டைப் பார்ப்பார், அடுத்த மேசைக்கு எனக்கு முன்னால் போய் நிற்பார்.

"அந்தச் சாவியை ஒருக்கா நிப்பாட்டுங்கோ அத்தான், எனக்கு விசர் பிடிக்குது!"

கடைசி மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை. மேசைக்குப் பின்னால் றப்பர் பூட்ஸ் போட்ட, நரைத்த, வாட்டசாட்டமான பெண் ஒருத்தி. அவளுக்கு முன்னால் வரிசையாக அதே படம். அதே தூக்கிய கை.

"அது நான்தான். என் புருஷன் வரைந்தது" என்றாள் டேனிஷில், பெருமையோடு.

அத்தான் கூரையைப் பார்த்தார். நான், இதில் திராட்சை எவ்வளவு என்று கேட்டேன். பாதியாவது இருக்கும் என்று சொல்ல மாட்டாளா?

"திராட்சையா? ஒரு பழம்கூட இல்லை. முழுக்க முழுக்க எங்கள் செர்ரி."

அக்காவின் பூசையை நானே கெடுத்திருக்கிறேன். யாரோ ஒருத்தியின் அம்மணத்துக்கு வெட்கப்பட்டு, என் கூடப்பிறந்தவளின் பூசையைக் கெடுத்திருக்கிறேன். அழுகை வந்தது, அடக்கவில்லை.

"என்ர பிழை அத்தான். என்னை ஏசுங்கோ."

அவர் ஏசவில்லை. அந்தக் கதிரையை இழுத்து அதில் இருந்தார். முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, வடிவாக இருந்தார். வெறுங்கிளாஸை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவள் ஊற்றினாள். ஒரு மிடறு குடித்தார். துப்பவில்லை.

"அப்ப அந்தப் பூசை செல்லாது, என்ன?"

"செல்லாது அத்தான்."

"திருப்பி வைக்கவேணும்."

"ஓம்."

இன்னொரு மிடறு குடித்தார்.

"வழி முழுக்க இது செர்ரியா இருக்கவேணும் எண்டுதான் மன்றாடிக்கொண்டு வந்தனான் செசிலி."

"ஏன் அத்தான்?"

"அண்டைக்கு நான் ஒரு செபமும் சொல்லேல்லை. மைக், திரி, கதிரையெண்டு ஓடித்திரிஞ்சன். சுவாமி எமிலியாவின்ர பேரைச் சொல்லேக்க நான் வெளியில. ஆரோ காரை வாசலுக்கு மறிப்பா விட்டிட்டாங்களெண்டு பார்க்கப் போயிட்டன். அவளின்ர பேர்கூட என்ர காதில விழேல்லை. ரெண்டாந்தரமும் வெளியில நிண்டிட்டன், பிள்ளை."

அவர் தோளில் கையை வைத்தேன். வைன்காரி சத்தமில்லாமல் ஒரு கடதாசித் துவாயை எங்கள் பக்கம் தள்ளினாள்.

"சுவாமிக்கு இண்டைக்கே ரெலிபோன் எடுத்து உள்ளதைச் சொல்லுறன். வாற பூசையில நான் முன் வாங்கில குந்தி இருப்பன்," என்று சாவிக்கொத்தை என் கையில் வைத்தார். "நீ மணியை அடி."

"எனக்கு எப்ப அடிக்கிறதெண்டு தெரியாது."

"பழகு."

அப்போதுதான் சுவர் மணிக்கூடு கண்ணில் பட்டது. ஒரு மணியாக ஐந்து நிமிடம் இருந்தது.

"ஐயோ, காரின்ர நேரம்! அத்தான், எழும்புங்கோ!"

எப்போதும் எனக்கு முன்னால் ஓடுகிற மனுசன் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு பிள்ளை," என்றார். "தண்டம் எழுதினா எழுதட்டும்."