இடது பக்கச் சீட்

இது எனக்கு, என் சொந்தக் காரில் நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல. 2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. நேரங்களைக்கூடச் சரியாகச் சொல்வேன். காரின் மணிக்கூடு என் கண் முன்னேதான் எரிந்துகொண்டிருந்தது.

என் பெயர் ஸனூஸ். பதுளை டவுனில் புடவைக் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் முப்பது வயதான சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. இரண்டே கதவு. அதை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கச் சொல்லி மனைவி ஷஹீலா அலுத்துப்போனாள். எனக்கு மனம் வரவில்லை. இதையே புதிதாக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் என்ஜினைப் பிரித்துக் கட்டினோம். அடுத்த வருடம் பிரேக். அதற்குப் பிறகு சஸ்பென்ஷன்.

நானும் ஹுமைதும்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவன். பதினொரு வருடமாக அவன் கராஜ் ஆட்களைத் தவிர வேறு எவர் கையும் என் காரில் பட்டதில்லை.

கடைசியாக மிஞ்சியது சீட். பழையது கிழிந்து பஞ்சு தள்ளியிருந்தது. ஹுமைத் ஒரு சோடி கொண்டுவந்தான். கறுப்புத் தோல், சிவப்பு நூல் தையல், பெல்ட்டோடு.

"ஜப்பான்லேந்து வந்த சாமான் மச்சான். ஒனக்குன்டுதான் எடுத்து வெச்சேன்."

எந்த வேலை முடிந்தாலும் என்னோடு ஏறி ஒரு சுற்றுப் போய்வருவான். அன்று வரவில்லை. இடுப்பு வலி என்றான்.

மறுநாள் ஷஹீலா ஏறினாள். பத்து நிமிடம்கூட இருக்காது. காரை நிறுத்தச் சொன்னாள். முகம் வெளுத்திருந்தது.

"யார்ட மடியிலயோ இருக்கிற மாதிரி ஈக்கி."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள்.

அடுத்த ஞாயிறு, தனியாக நமுனுகுலப் பக்கம் எடுத்துப் போனேன். கார் தண்ணீர் மாதிரி ஓடியது. கடைத்தெருவில் ஒரு பிளேன் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது மணி 5.52. மழை தூறியது. இரண்டு பக்கமும் தேயிலை. மேலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

6.10. பக்கத்தில் 'க்ளிக்' என்று ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். தொங்கிக்கொண்டிருந்த இடது பக்க பெல்ட் இப்போது மாட்டியிருந்தது. சீட்டில் யாரும் இல்லை. ஆனால் பெல்ட் சீட்டோடு ஒட்டவில்லை. ஓர் ஆளின் நெஞ்சளவுக்கு முன்னால் புடைத்து நின்றது...

நிறுத்திக் கழற்றினேன். மறுபடி ஓட்டினேன்.

6.18. க்ளிக்.

இந்தத் தடவை நான் பார்க்கவில்லை. குர்ஆனின் ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினேன். சிறுவயதிலிருந்து ஓதுவது. பாதியில் மறந்துபோனது.

6.24. ஒரு வளைவு. என்ஜின் நின்றது.

ஹோன் அடித்தது.

என் கைகள் இரண்டும் ஸ்டியரிங்கின் ஓரத்தில்தான் இருந்தன. நடுவில் ஹோன் தானாக அழுந்தியது... எழும்பியது... அழுந்தியது.

இடது காதில் ஈர மூச்சு.

"விட்டுட்டுப் போயிராத... ஹுமைத்து..."

கதவைத் திறந்து ஓடினேன்.

செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது. மேலே தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளின் வெளிச்சம் தெரிந்தது. முதல் கதவைத் தட்டினேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் திறந்தாள். பெயர் பெரியாயி. தண்ணீர் தந்தாள். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே அவள் கேட்டாள்.

"ஹோன் சத்தங்களா?"

தலையாட்டினேன்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு காரு அந்த வளைவுல உருண்டுச்சுங்க. ராவெல்லாம் ஹோன் அடிச்சுச்சு. எவனோ குடிச்சிட்டு அடிக்கிறான்னு நாங்க போகல. விடிஞ்சு பார்த்தா... நம்ம விஜேந்திரன். டவுன்ல கராஜ்ல வேல செஞ்சவரு."

எனக்கு விஜேந்திரனைத் தெரியும். ஹுமைதின் கராஜில் என் என்ஜினைக் கட்டியதே அவர்தான். கட்டாருக்குப் போய்விட்டார் என்று ஹுமைத் சொல்லியிருந்தான்.

"அவரா ஓட்டினாரு?"

"பொலிஸ்ல அப்படித்தான் எழுதிக்கிட்டாங்க. ஆனா அவரு இடது பக்கம் பெல்ட்டு போட்டு உக்காந்திருந்தாருங்க."

அன்றிரவு அங்கேயே இருந்தேன். விடிந்ததும் முதல் பஸ் பிடித்து நேரே கராஜுக்குப் போனேன். ஹுமைத் கை துடைத்துக்கொண்டிருந்தான்.

"விஜேந்திரன் எங்க?"

துடைத்துக்கொண்டே இருந்தான்.

"செத்துட்டான்னுதான் நெனச்சேன் மச்சான்."

"ஹோன் கேக்கல்லயா?"

கை துடைத்த துணியை மடித்து வைத்தான்.

"அந்தக் கார்ல கழட்டின சீட்டயா எனக்குப் போட்டாய்?"

"நல்ல சீட் மச்சான்... எறிய மனசு வரல்ல."

பேயைவிட அந்த வார்த்தைதான் என்னை இன்றுவரை தூங்கவிடவில்லை. என் வீட்டுக் கதவுத் திறப்பைக்கூட அவனிடம் கொடுத்து வைத்திருந்தேன். என் மனைவியை அந்தச் சீட்டில் ஏறவிட்டான்.

பொலிஸில் சொன்னேன். அவர்கள் போவதற்குள் கராஜ் பூட்டியிருந்தது. ஹுமைத் எங்கே என்று அவன் வீட்டாருக்கும் தெரியவில்லை. நான் மறுபடி அந்தக் காரில் ஏறவில்லை.

ஒரு மாதம் கழித்து, தோட்டத்துக் காவல்காரர் முருகையாவைப் பார்த்தேன். அந்த விபத்துக்கு மறுநாள் காலை கயிறு கட்டி முதலில் கீழே இறங்கியவர் அவர்தான். சொல்லத் தயங்கினார். வற்புறுத்திக் கேட்டேன்.

"காரு உருளையிலேயே பெட்டரி பிய்ஞ்சு, மேல ரோட்டோரத் தேயிலைக்குள்ள விழுந்து கெடந்துச்சுங்க. நான்தான் எடுத்தேன். கீழ காருல பெட்டரியே இல்ல."

என்னைப் பார்த்தார்.

"நான் எறங்குற வரைக்கும் ஹோன் அடிச்சிக்கிட்டுத்தான் இருந்துச்சு."