வாசலைத் தாண்டிப் போன ஆம்புலன்ஸ்

எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். ஒரு டீயைக்கூட ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது? நான் அதே வண்டியில் நோயாளியோடு பின்னால் உட்கார்ந்து போகிற நர்ஸ்.

எங்கள் சுகாதார நிலையத்தில் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்போம், காயத்துக்குக் கட்டுப் போடுவோம். அதற்கு மேல் என்றால் மலை இறங்கி நகரத்துக்குப் போகவேண்டும். அரை நாள் பாதை. டிரைவர் தன் மனைவியைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனதும் அப்படித்தான். வண்டியிலேயே மகள் பிறந்தாள். நகரம் போய்ச் சேரும்வரை தாய் தாங்கவில்லை. அந்தப் பெண்ணை ஒண்டி ஆளாக வளர்த்துக் கட்டிக்கொடுத்தார்.

அதனால், பாதையோரத்தில் புது ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் தோண்டியதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. காலி வண்டியோடு திரும்பும்போதெல்லாம் அங்கே நிறுத்தி மேஸ்திரியின் உயிரை வாங்குவார்.

"ஆபரேஷன் தியேட்டருக்கு இன்னுமா கூரை போடல?"

"சுவர் காய வேண்டாமா? அவசரம்னா நீங்களே வந்து ஊதிக் காய வைங்க!"

மகள் உண்டானதும் இந்தத் தொல்லை இரட்டிப்பானது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன்தான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டடம் முந்துமா, குழந்தை முந்துமா என்று நானும் நாள் எண்ண ஆரம்பித்தேன்.

கட்டடம்தான் முந்தியது. தியேட்டர் திறந்த வாரமே மகளுக்கு வலி கண்டது. அள்ளிப்போட்டுக்கொண்டு கிளம்பினோம். புது ஆஸ்பத்திரி தெரிந்தது. வாசல் வந்தது. வந்த வாசல் பின்னால் போயும் போய்விட்டது! வண்டி நேராக நகரத்தைப் பார்த்து ஓடுகிறது.

நடுக்கண்ணாடியைப் படபடவென்று தட்டினேன். "அண்ணே! எங்க போறீங்க? ஆஸ்பத்திரியத் தாண்டிட்டோம்!"

"ஐயையோ, பழக்கத்துல..." என்று பிரேக்கை மிதித்தார்.

"அப்பா, உங்களுக்கு அறிவிருக்கா?" என்று அந்த வலியிலும் மகள் கத்தினாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பாழாய்ப்போன சிரிப்பும் வந்து தொலைத்தது.

திருப்பிக்கொண்டு வந்து சேர்ந்தோம். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. பெயிண்ட் வாசனை போகாத வராந்தாவில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. அவர் உட்காரவில்லை. வெளியே வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

கதவு திறந்து டாக்டர் வந்தார். அவரை வாய் திறக்கவிடாமல் இவர் கேட்டார்: "சொல்லுங்கம்மா, அடுத்து எங்க கொண்டு போகணும்?"

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்கயும் வேண்டாமே. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. பேரன் பொறந்திருக்கான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப வண்டி, சிஸ்டர்?"

"ஆஃப் பண்ணுங்கண்ணே" என்றேன்.

போனவர் திரும்பவில்லை. எட்டிப் பார்த்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. அவருக்காக நான் வாங்கி வைத்த டீ ஆறி ஏடு படிந்த பிறகுதான் உள்ளே வந்தார்.