கண்டக்டரின் இரண்டு விசில்

"நான் செத்துட்டேனான்னு ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் வந்து பாப்பே?"

பக்கத்து வீட்டுக் கண்டக்டர் தினமும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. கதவைத் திறந்ததும் முதல் பேச்சே இதுதான். நானும் சும்மா விடுவதில்லை. "இன்னும் இல்லையாண்ணே? சரி, சாயங்காலம் வந்து பாக்கறேன்" என்பேன். அவர் சிரிக்க மாட்டார். மீசைக்கு அடியில் உதடு மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டி வெகுநாள் ஆகிறது. மனைவி இல்லை. ஒரே மகள் வெளியூரில் வேலையும் குடும்பமுமாக இருக்கிறாள். வேலை போனாலும் வேலைப் பழக்கம் இவரை விட்டுப் போகவில்லை. வீட்டில் நாற்காலி இருந்தாலும் நின்றுகொண்டேதான் டீ குடிப்பார். அலமாரியில் முதுகைச் சாய்த்து, காலை அகட்டி வைத்துக்கொண்டு நிற்பார், வீடு எந்த நேரம் பிரேக் போடுமோ என்கிற மாதிரி. யார் வந்தாலும் "உள்ள போ, உள்ள போ, வாசல்ல நிக்காதே" என்று விரட்டுவார். தெருவில் எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டார், எங்கே போனாலும் ஓரமாக நிற்பார். அதனால் அவர் 'ஸ்டாண்டிங்'. தினமும் வந்து எட்டிப் பார்ப்பதால் நான் 'செக்கிங்'.

போன மழைக்காலத்தில் வாசல்படியில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டார். மகள் ஓடி வந்தாள். கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தவரிடம் என் முன்னால்தான் சொன்னாள்.

"இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா பேச்சே கிடையாதுப்பா. வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும்."

"அங்க வந்து நான் என்ன பண்ணுவேன்? சோபாவுல இன்னொரு தலகாணியா?"

"என்னவோ. வந்துடணும்."

அன்றிலிருந்து அவருக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம், இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. விழாமல் இருப்பதற்குப் பாடுபட்டாரோ இல்லையோ, விழுந்தது வெளியே தெரியாமல் இருப்பதற்கு நன்றாகவே பாடுபட்டார்.

மகள் ஒரு மிஷின் வாங்கி வந்தாள். கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஆபத்து என்றால் பொத்தானை அழுத்த வேண்டும். "மாட்டுக்கு மணி கட்டறியா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். பழைய விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். காலையில் எழுந்ததும் முன்பக்க ஜன்னலைத் திறந்து இரண்டு விசில். ரைட், போகலாம் என்று அர்த்தம். ஒரே ஒரு விசில் என்றால் வண்டியை நிறுத்து, ஓடி வா. பஸ்ஸில் இருந்த அதே கணக்கு. அவர் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் இருக்கும். மகளும் சரி என்று போய்விட்டாள்.

வயதானவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ் ஒருத்தி மாதாமாதம் வருவாள். குளியலறை வாசலில் கிடக்கும் பழைய மிதியடியைத் தூக்கி எறியச் சொன்னாள். இவர் எறியவில்லை. இரவில் உள்தாழ்ப்பாள் போடாதீர்கள், பக்கத்து வீட்டில் சாவி இருந்து என்ன பிரயோஜனம் என்றாள். "கதவைச் சாத்தாம வண்டி எடுக்கற பழக்கம் எனக்கு இல்ல" என்றார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னாள்.

"அவர் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறார்க்கா. தலையில அடிபட்டா, வெளியில காயமே இல்லாட்டியும் உள்ள ரத்தம் கசியும். நல்லாத்தான் பேசுவார். பேச்சை நம்பாதீங்க. உடனே ஆஸ்பத்திரி."

போன மாதம் ஒரு காலை. அடுப்பில் பால் வைத்திருந்தேன். விசில் கேட்டது. இரண்டு. சரி என்று கரண்டியைத் திருப்பினேன். திருப்பிய கை நின்றுவிட்டது. அந்தச் சத்தம் ஜன்னல் பக்கமிருந்து வரவில்லை. வீட்டின் பின்பக்கத்திலிருந்து வந்தது, அதுவும் தரையோடு தரையாக, வாளிக்குள் ஊதின மாதிரி.

அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தேன். முன்பக்க ஜன்னல் சாத்தியே இருந்தது.

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள்.

"அண்ணே!"

"விசில் கேக்கலியா? ரெண்டு அடிச்சேன்ல. போ, போய் வேலையைப் பாரு."

குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதுவும் கீழேயிருந்துதான் வந்தது.

"கதவைத் திறங்க. மூஞ்சியைப் பாத்துட்டுப் போறேன்."

"குளிச்சிட்டிருக்கேன்."

"தண்ணி சத்தமே இல்லையே. காத்துலயா குளிக்கிறீங்க?"

என் வீட்டுக்காரரும் வந்து பக்கத்தில் நின்றார்.

"விழுந்துட்டீங்களாண்ணே?" என்று விடாமல் கேட்டேன்.

"உக்காந்திருக்கேன்."

"தரையிலயா?"

"என் வீட்டுத் தரை. உனக்கு என்ன வந்தது?"

"தலையில பட்டுச்சா?"

"லேசா. ரத்தமெல்லாம் இல்ல. கொஞ்சம் படுத்தா சரியாயிடும். நீ அவளுக்கு போன் போடாதே. போட்டியானா ஜென்மத்துக்கும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

ரத்தம் இல்லை என்று அவர் ஆறுதலுக்குச் சொல்கிறார், நர்ஸ் பயப்படச் சொன்னதே அதற்குத்தான். வீட்டுக்காரரிடம் ஆம்புலன்ஸுக்கு போன் போடச் சொன்னேன். அவர் போட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானாக ஒரு யோசனை சொன்னார். "பின்பக்கக் கதவு பழசு. உடைச்சிடலாம்."

உள்ளேயிருந்து கத்தல் வந்தது. "ஸ்டாண்டிங், கதவுல கை வைச்சே, போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. எழுந்து போய் போனை எடுத்துக் கூப்பிடுங்க" என்றேன் நான்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நான் கதவில் காதை வைத்துக்கொண்டேன். சின்ன வீடு, மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஏதோ சொல்ல ஆரம்பித்தார், வார்த்தை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

"டிக்கெட்... எல்லாரும் எடுத்தாச்சா?"

இந்த வீட்டில் யார் டிக்கெட் எடுக்கிறார்கள்? நான் கதவைப் படபடவென்று தட்டினேன்.

"அண்ணே, நான் செக்கிங் பேசறேன். கேக்குதா? வீடு எங்கயும் ஓடிப் போயிடாது. நீங்க இருந்தாத்தான் அது வீடு. நல்லா இல்லைன்னா ஒரு விசில் அடிங்க. ஒண்ணு போதும். அடிங்கண்ணே."

பின்பக்கம் என் வீட்டுக்காரர் தோளால் மோதும் சத்தம் மட்டும். ஒரு தடவை. இன்னொரு தடவை.

அப்போதுதான் கேட்டது. ஒரே ஒரு விசில். பாதியில் காற்றுப் போன, அரைகுறை விசில்.

பின்கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. நானும் சுற்றிக்கொண்டு ஓடினேன். குளியலறை வாசலில் ஒருக்களித்துக் கிடந்தார். அந்தப் பாழாய்ப்போன மிதியடி சுருண்டு காலடியில் இருந்தது. விசில் உதட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் தூக்கப் போனார். "தொடாதீங்க, அவங்க வரட்டும்" என்று தடுத்தேன். போர்வையைப் போர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்து, பேரைச் சொல்லுங்க, மகள் பேரைச் சொல்லுங்க என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன். மகள் பேரைச் சரியாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "அவகிட்ட சொல்லாதே" என்றார்.

ஆம்புலன்ஸில் போகும்போதே நான் அவளுக்குச் சொல்லிவிட்டேன்.

ஸ்கேனில் தலைக்குள் ரத்தக் கசிவு தெரிந்தது. தூங்கட்டும் என்று விட்டிருந்தால் தூங்கியே போயிருப்பார் என்றார் டாக்டர். நேரத்துக்கு வந்ததால் மருந்திலேயே கட்டுப்பட்டது. மகள் வந்தபோது அவர் கண் விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தரையில கிடந்துக்கிட்டு ரெண்டு விசில் அடிச்சீங்களாமே?"

"பழக்கதோஷம்."

"விழுந்ததுக்குக்கூட இல்லப்பா. இந்தப் பொய்க்குத்தான் கூட்டிட்டுப் போகப் போறேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை.

"கடைசியில ஒத்தை விசிலும் அடிச்சாரும்மா. நெனப்பே தடுமாறிட்டிருந்த நேரத்துல அடிச்சார்."

அவள் வெகுநேரம் அழுதாள். அழுது முடித்துவிட்டுக் கறாராகப் பேசினாள். அப்பாவுக்குப் பிறந்தவள் இல்லையா.

"உள்தாழ்ப்பாளை அறுத்து எறியணும். குளியலறையில பிடிச்சுக்க கம்பி போடணும். அந்த மிதியடி குப்பைக்குப் போகணும். விசிலை மட்டும் நம்பறதும் இனிமே கிடையாது அத்தை. காதால கேட்டது போதும். காலை, மத்தியானம், சாயங்காலம் யாராவது ஒருத்தர் அவர் மூஞ்சியைக் கண்ணால பாக்கணும். ஒரு மாசம் பாக்கறேன். ஒரு வேளை தவறினாலும் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"மூணு வேளை செக்கிங்கா?" என்று முனகினார் கண்டக்டர். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். உள்தாழ்ப்பாளை எடுத்தாயிற்று, கம்பி போட்டாயிற்று. மிதியடியை நானே கொண்டுபோய்ப் போட்டேன், குப்பை வண்டி போகும்வரை அங்கேயே நின்றேன், இவரை நம்ப முடியாது. காலைக்கு நான் இருக்கிறேன். சாயங்காலம் என் வீட்டுக்காரர் போய் ஓரமாக நின்றுவிட்டு வருகிறார். மத்தியானம்தான் இடிக்கிறது. அந்த நேரத்தில்தான் நான் என் மாமியாருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போக வேண்டும். இந்த வாரம் எதிர்வீட்டுக்காரியைக் கெஞ்சி அனுப்பினேன். எத்தனை நாளைக்குக் கெஞ்சுவது?

அதனால் எங்கள் தெரு வழியாக மத்தியானம் போகிறவர்கள் யாராக இருந்தாலும் சரி, தண்ணீர்த் தொட்டியை அடுத்த நீலக் கதவைத் தட்டுங்கள். உள்ளேயிருந்து "நல்லா இருக்கேன், போ" என்று குரல் வரும். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். கதவு தள்ளினால் திறக்கும். செத்துட்டேனான்னு பாக்க வந்தியா என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். உள்ளே போய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.