தூள் போடும் இடம் வந்தபோது

போன வாரம் பிலோமினா அக்காவோடு வானொலி நிலையத்துக்குப் போயிருந்தேன். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருக்காரர். குழம்பு மசாலாத்தூள் அரைத்து, பாக்கெட் போட்டு விற்கிறார். தெருவில் பாதி வீடுகளில் அவர் தூள்தான். மகளிர் நிகழ்ச்சியில் மீன் குழம்பு பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். தனியாகப் போகக் கூச்சம்... பத்திரிகையில் எழுதுகிறவன் என்று என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டார்.

நல்ல வரவேற்பு. நிகழ்ச்சியை நடத்தும் பெண் காபியெல்லாம் கொடுத்துவிட்டு, பணிவாக ஒரு விதியைச் சொன்னார். அக்கா தன் மசாலாவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அரசு வானொலி இல்லையா? அது விளம்பரம் ஆகிவிடுமாம்.

நியாயம்தானே என்று நானும் தலையாட்டினேன்.

அடுத்து இன்னொன்று சொன்னார். நிகழ்ச்சியை வழங்குவது ஒரு பெரிய மசாலா கம்பெனி. (பெயர் வேண்டாம் — எழுதினால் அவர்களுக்கு இலவச விளம்பரம்!) நிகழ்ச்சியின் பெயரிலேயே கம்பெனியின் பெயரும் ஒட்டியிருக்கிறது. அதனால், தூள் போடும் இடம் வரும்போது அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் நல்லது...

அரசு வானொலியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதுவும் கரன்ட் பில் கட்டவேண்டுமே. ஆனால், பணம் கொடுத்துச் சொன்னால் அறிவிப்பு, கொடுக்காமல் சொன்னால் விளம்பரம் — இந்தக் கணக்குதான் எனக்குக் கொஞ்சம் பிடிபடவில்லை.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. என்னைத் தனியே அழைத்தார்.

"எங்கிட்ட வாங்குறவங்க எல்லாம் ரேடியோ கேப்பாங்க தம்பி. நானே கம்பெனித் தூளு போடறேன்னு சொல்லிட்டா, அப்புறம் யாரு எங்கிட்ட வாங்குவாங்க?"

பிழைப்பே அந்தத் தூள்தான். திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டேன். நேராக உள்ளே போய் மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

நேரடி ஒலிபரப்பு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பதில் தொடங்கி, புளி கரைத்து, வெங்காயம் வதக்கி... தூள் போடும் இடம் வந்தது.

"இப்ப தூளு போடணும். அத வூட்லயே எப்படிப் பண்றதுன்னு சொல்றேன், எழுதிக்குங்க" என்றார் அக்கா.

மிளகாய் எவ்வளவு, மல்லி எவ்வளவு, எதை முதலில் வறுப்பது, வெந்தயத்தை எந்த நிறத்தில் இறக்குவது — சொந்த மருமகளுக்கே சொல்லாத பக்குவத்தை ஊருக்கே சொல்லிவிட்டார். நடத்திய பெண்ணால் குறுக்கிட முடியவில்லை. எந்தப் பெயரையும்தான் அக்கா சொல்லவில்லையே? கடைசியில், "இதுவரை நீங்கள் கேட்டதை வழங்கியவர்கள்..." என்று கம்பெனியின் பெயரைச் சொல்லி முடித்தார்கள்.

ஆட்டோவில் வரும்போது எனக்கு ஆதங்கம் தாங்கவில்லை. தொழில் ரகசியத்தை இப்படியா போட்டு உடைப்பது என்று கேட்டே விட்டேன்.

"சொன்னா என்ன தம்பி? அதெல்லாம் வெயில்ல காயவெச்சு, வறுத்து, மிஷினுக்குத் தூக்கினு போவ யாருக்கு நேரம் இருக்கு?"

மறுநாள் பக்கத்துத் தெருப் பெண்கள் இரண்டு பேர், எழுதிய தாளோடு அக்கா வீட்டுக்கு வந்தார்கள். ஏதோ சந்தேகம் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தாளை அவரிடமே நீட்டி, இதே மாதிரி ஆளுக்கு அரைக் கிலோ அரைத்துக் கொடுத்துவிடச் சொன்னார்கள்.

கம்பெனி கட்டிய பணத்துக்கு, விற்றது என்னவோ அக்காவின் தூள்!