பிள்ளையாரிடம் கேட்டவர்

குளிர்காலம் தொடங்குமுன், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைச் சரிபார்க்க ஸ்ரௌவ்வில் நகரத்து எங்கள் வீட்டுக்கு வந்தவர் அவர். ஒல்லியான மனிதர், காதை மூடும் கம்பளித் தொப்பி. பை நிறையக் கருவிகள் இருந்தும், சூடான காற்று வரும் ஒவ்வொரு துவாரத்துக்கும் மேலே ஒரு ரிஷ்யூக் கடதாசித் துண்டைத்தான் பிடித்துப் பார்த்தார். கீழ்த்தளத்தில் அது ஆடியது. நாங்கள் வருடா வருடம் விறைத்துப்போகும் மேல் அறையில் அசையவே இல்லை.

இறங்கிவந்து சாமி அலுமாரியின் முன் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கைகூப்பினார். ஒரு நிமிடமாவது நின்றிருப்பார்.

"அக்கா, ஃபர்னஸுக்குக் காத்து திரும்பிப் போற வழி இதுக்குப் பின்னாலைதான் அடைபட்டுக் கிடக்கு. பிள்ளையாரை ரெண்டடி தள்ளி வைக்கவேணும்."

"ஐயரைக் கேக்காமல் எப்பிடித் தம்பி?" என்று மனைவி பதறினாள். "அவர்தானே நாள் பாத்து வைச்சவர்."

"நான் இப்ப பிள்ளையாரையே கேட்டிட்டன். ஓமாம்."

மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூவருமாக அலுமாரியைத் தள்ளினோம். மேல் அறையில் ரிஷ்யூ துள்ளி ஆடியது.

இந்தக் குளிருக்கு அங்கே சொக்ஸ் போடாமல் உறங்குகிறேன். அன்று அவர் கும்பிட்டாரா, அலுமாரியின் அகலத்தை அளந்தாரா என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்.